கப்பல் பக்கவாட்டில் நகர்வது எப்படி? த்ரஸ்டர் செய்யும் வேலை

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைத்து முடித்த ஷூக்கள் கன்டெய்னரில் ஏறிச் சென்னைத் துறைமுகத்துக்குப் போவது நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்த விஷயம். பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்த லாரிகளைத் தாண்டாமல் வேலூரிலிருந்து எங்கும் போக முடியாது. துறைமுக கேட்டுக்கு உள்ளே நடப்பதுதான் நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. அந்தப் பெட்டிகளை ஏற்றிக்கொள்ள வரும் கப்பல் 300 மீட்டர் நீளம்கூட இருக்கும். நடுக்கடலில் அதை ஓட்டுவதைவிடக் கஷ்டமான வேலை, கடைசி சில நூறு மீட்டரில் அதைச் சுவரோடு சுவராகக் கொண்டுவந்து நிறுத்துவது. அந்த நேரத்தில்தான் கப்பலின் சுக்கான் கைவிட்டுவிடுகிறது. த்ரஸ்டர் என்ற கருவி பிறந்ததே அதனால்தான்.

சுக்கான் ஏன் கைவிடுகிறது என்பதைப் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை, ஏலகிரி புங்கனூர் ஏரி போதும். பெடல் படகில் ஏறியவர்களில் பாதிப் பேர் கரைக்குத் திரும்பும்போது ஒரே தவறைச் செய்வார்கள். படகுத்துறை பக்கத்தில் வந்துவிட்டதே என்று மிதிப்பதை நிறுத்திவிட்டு, நடுவில் இருக்கும் லீவரை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்புவார்கள். படகு திரும்பாது, போன போக்கிலேயே மிதந்து போகும். கரையில் நிற்பவர் கத்துவார்: "மிதிப்பா, மிதிச்சாதான் திரும்பும்!" அதையும் கேட்கவில்லை என்றால் கொக்கிக் கழியை நீட்டிப் படகின் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொள்வார்.

இந்தச் சின்னக் காட்சியில் முழுப் பாடமும் இருக்கிறது. சுக்கானுக்கென்று சொந்தப் பலம் எதுவும் கிடையாது. தன் மேல் ஓடிவரும் தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும் பலகை அது. தண்ணீர் ஒரு பக்கம் தள்ளப்பட்டால், எதிர்விசையில் படகின் பின்பக்கம் மறுபக்கம் தள்ளப்படுகிறது. ஓடிவரும் தண்ணீர் குறைந்தால் இந்த விசையும் குறையும், அதுவும் வேகத்தின் இருமடிக் கணக்கில். வேகம் பாதியானால் சுக்கானின் பலம் கால்வாசி. படகு நின்றே போனால் பலம் பூஜ்யம்.

கப்பலில் ஒரு சலுகை உண்டு. ப்ரொப்பெல்லருக்குச் சரியாகப் பின்னால் சுக்கான் இருப்பதால், மெதுவாகப் போகும்போதும் இன்ஜினைச் சில விநாடி முன்னோக்கி ஓட்டினால், அது தள்ளும் தண்ணீர் நேராகச் சுக்கானில் மோதும். கப்பல் முன்னால் போய் வேகம் பிடிப்பதற்குள் அதன் வால் திரும்பிவிடும். கப்பல்காரர்கள் இதை 'கிக்' கொடுப்பது என்பார்கள். ஆனால் நிறுத்துவதற்காக ப்ரொப்பெல்லரைப் பின்னோக்கிச் சுழற்றும்போது அந்தச் சலுகையும் போய்விடும். போதாக்குறைக்குப் பின்னோக்கிச் சுழலும் ப்ரொப்பெல்லர் கப்பலின் வாலை ஒரு பக்கமாக இழுக்கும். வலச்சுற்று ப்ரொப்பெல்லர் உள்ள கப்பலில் பின்பக்கம் இடப்புறமும் மூக்கு வலப்புறமும் ஒதுங்கும். அனுபவமுள்ள கேப்டன்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொண்டு, பெர்த்தை, அதாவது கப்பல் கட்டி நிற்கும் இடத்தை, நோக்கிக் கொஞ்சம் சாய்வாகவே வருவார்கள்.

ஆக, வேகமாகப் போனால் திரும்பும், ஆனால் நிற்காது. மெதுவாகப் போனால் நிற்கும், ஆனால் திரும்பாது. துறைமுகத்தில் தேவைப்படுவதோ இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்று: நின்ற இடத்திலிருந்தே பக்கவாட்டில் நகர்வது. சுக்கானும் ஒற்றை ப்ரொப்பெல்லரும் மட்டும் இருக்கும் கப்பலால் அதைத் தானாகச் செய்ய முடியாது. வெளியிலிருந்து யாராவது தள்ள வேண்டும், இல்லையென்றால் தள்ளும் கருவியைக் கப்பலே சுமந்து வர வேண்டும்.

மூக்கில் ஒரு குழாய்

கப்பலே சுமந்து வரும் அந்தக் கருவிதான் பௌ த்ரஸ்டர். கப்பலின் முன்பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் வரை குறுக்காக ஒரு குழாய் வைத்திருப்பார்கள். பெரிய கப்பலில் அதன் குறுக்களவு இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும், ஆள் நிமிர்ந்து நடந்து போகலாம். குழாயின் நடுவில் ஒரு ப்ரொப்பெல்லர். அதற்கு நேர் மேலே, கப்பலுக்குள் தனி அறையில், பெரிய மின் மோட்டார் செங்குத்தாக நிற்கும். மோட்டாரின் தண்டு கீழே இறங்கி, பெவல் கியர் வழியாகப் படுக்கை வாட்டத்துக்குத் திரும்பி ப்ரொப்பெல்லரைச் சுழற்றும். ஒரு பக்கத் தண்ணீரை உறிஞ்சி மறுபக்கம் பீய்ச்சும். தண்ணீர் இடது பக்கம் பாய்ந்தால் மூக்கு வலது பக்கம் போகும். பின்பக்கமும் இதே மாதிரி ஒன்று இருந்தால் அது ஸ்டெர்ன் த்ரஸ்டர். இரண்டையும் ஒரே திசையில் இயக்கினால் கப்பல் முழுசாகப் பக்கவாட்டில் நகரும், எதிரெதிராக இயக்கினால் நின்ற இடத்திலேயே சுற்றும்.

துறைமுகத்துக்கோ மெரினா பக்கமோ போகும்போது பெரிய கப்பலின் முன்பக்கத்தை உற்றுப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்ட ஒரு வெள்ளை அடையாளம் இருக்கும். அந்த இடத்துக்குக் கீழே த்ரஸ்டர் இருக்கிறது என்று, பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் உதவும் டக் படகுக்காரர்களுக்கும் முக்குளிப்பவர்களுக்கும் சொல்லும் எச்சரிக்கை அது. இரண்டு வட்டம் இருந்தால் இரண்டு த்ரஸ்டர்.

பலத்தைக் கூட்டிக் குறைக்கவும் திசை மாற்றவும் இரண்டு வழி உண்டு. பழைய, இன்னமும் பரவலான வழியில் மோட்டார் ஒரே வேகத்தில் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ப்ரொப்பெல்லரின் இதழ்கள்தான் ஹைட்ராலிக் அழுத்தத்தில் கோணம் மாறும். கோணம் பூஜ்யமாக இருந்தால் சும்மா சுற்றும், ஒரு பக்கம் சாய்ந்தால் இடது, மறுபக்கம் சாய்ந்தால் வலது. ராணிப்பேட்டை பெல் ஆலையில் மின் நிலையங்களுக்கான பெரிய காற்றாடிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளேடு கோணத்தை மாற்றிக் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அங்கேயும் உண்டு. இரண்டாவது வழி, இதழ்களை அசையாமல் பொருத்திவிட்டு, மோட்டாரின் வேகத்தையும் திசையையும் மின்சார டிரைவ் மூலம் மாற்றுவது. தண்ணீருக்கடியில் அசையும் பாகங்கள் குறைவு என்பதால் புதுக் கப்பல்களில் இது கூடிவருகிறது.

சின்ன உல்லாசப் படகுகளிலும் இதே குழாய் உண்டு, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். இரண்டு மூன்று நிமிஷம் தொடர்ந்து அழுத்தினாலே மோட்டார் சூடாகித் தானே நின்றுவிடும். விட்டு விட்டுத் தட்டிக் கொடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

எவ்வளவு பலம், எங்கே போதாது

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்ட எவர் கிவன் கப்பலை எடுத்துக்கொள்வோம். நீளம் 400 மீட்டர், முதன்மை இன்ஜின் சுமார் 59,000 கிலோவாட். அதன் மூக்கில் இருப்பவை தலா 2,500 கிலோவாட் கொண்ட இரண்டு த்ரஸ்டர்கள். ஐயாயிரம் கிலோவாட் என்பது சின்ன விஷயமில்லை. ஆனாலும் கப்பலை ஓட்டும் இன்ஜினோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான். இப்போது எதிர்த்தரப்புக்கு, அதாவது காற்றுக்கு, வருவோம்.

தண்ணீருக்கு மேலே தெரியும் கப்பலின் பக்கவாட்டை, அடுக்கிய கன்டெய்னர்களையும் சேர்த்து, 300 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9,000 சதுர மீட்டர் சுவர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதன் மேல் நேராக அடித்தால், தள்ளும் விசை ஏறக்குறைய 55 டன் எடைக்குச் சமம். காற்று 54 கிலோமீட்டரானால் அது 120 டன்னைத் தாண்டிவிடும், ஏனென்றால் காற்றின் விசையும் வேகத்தின் இருமடியில்தான் ஏறும். 2,000 கிலோவாட் த்ரஸ்டர் ஒன்று தரும் உந்துவிசை 25 முதல் 30 டன். சாதாரணக் காற்றிலேயே தனியாகச் சமாளிக்க முடியாத நிலை. அதனால்தான் த்ரஸ்டர் இருக்கும் கப்பலுக்கும் டக் படகு வருகிறது. மூன்று டக் தேவைப்பட்ட இடத்தில் இரண்டு போதும் என்பது மாதிரிதான் த்ரஸ்டரின் லாபம். ஒவ்வொரு டக்குக்கும் கட்டணம் உண்டு என்பதால், துறைமுகம் துறைமுகமாக ஏறி இறங்கும் கன்டெய்னர் கப்பலுக்கு அது பெரிய லாபம்.

இதைவிட முக்கியமான ஒரு வரம்பு இருக்கிறது. கப்பல் வேகமெடுத்தால் த்ரஸ்டர் சோர்ந்துபோகும். நிற்கும் கப்பலில் பீய்ச்சும் தண்ணீர் நேராக வெளியே போகும். கப்பல் முன்னோக்கிப் போனால், வெளியே வந்த தண்ணீர் எதிரே வரும் ஓட்டத்தில் வளைந்து கப்பலின் உடம்பை ஒட்டியே பின்னால் ஓடும். அந்த ஓட்டத்துக்கும் உடம்புக்கும் நடுவே அழுத்தம் குறைந்து, தள்ள வேண்டிய மூக்கைத் தண்ணீர் வெளியேறும் பக்கமாகவே திரும்ப இழுக்கும். ப்ரொப்பெல்லர் முழு மூச்சாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், மூக்கு மட்டும் அசையாது. இரண்டு நாட் வரை நன்றாக வேலை செய்யும், நாலைந்து நாட் தாண்டினால் பலன் மிகவும் குறைந்துவிடும். ஐந்து நாட் என்றால் மணிக்கு 9 கிலோமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும், வேக நடைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

சுக்கான் ஏறும் இடத்தில் த்ரஸ்டர் இறங்குகிறது, சுக்கான் இறங்கும் இடத்தில் த்ரஸ்டர் ஏறுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள். விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் "த்ரஸ்டரைப் போட்டுத் திருப்பியிருக்கலாமே" என்று ஒருவர் கேட்பார். 2024 மார்ச் 26 அதிகாலையில் அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற 300 மீட்டர் கன்டெய்னர் கப்பல் பாலத்தூணில் மோதி, பாலத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். கப்பலில் இருந்த மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். மின்சாரம் போனதும் இன்ஜின் நின்றது. சுக்கான் மேல் தண்ணீர் தள்ள ப்ரொப்பெல்லர் சுழலவில்லை. கப்பலோ ஏழெட்டு நாட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் த்ரஸ்டருக்கு மின்சாரம் முழுசாகக் கிடைத்திருந்தாலும் பெரிதாக எதுவும் செய்திருக்காது. ஆத்திரத்தில் மாலுமிகளைத் திட்டுவதற்கு முன்னால் இந்த இயற்பியலைத் தெரிந்துகொள்வது நியாயம்.

கப்பல் எந்தத் திசையில் நகர்கிறது என்பதும் கணக்கில் வரும். முன்னோக்கிப் போகும் கப்பல் தன் நடுவில் சுற்றுவதில்லை, முன்பக்கத்திலிருந்து சுமார் கால்பங்கு நீளத்தில் இருக்கும் ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்பும் என்பதுதான் கப்பல் ஓட்டுபவர்கள் கையாளும் கணக்கு. மூக்கிலிருக்கும் த்ரஸ்டருக்கு அந்தப் புள்ளி மிகவும் பக்கத்தில் இருப்பதால் நெம்புகோலின் நீளம் குறைவு. பின்னோக்கி நகர ஆரம்பித்தால் அந்தப் புள்ளி வால் பக்கம் போய்விடும். அப்போது அதே த்ரஸ்டருக்குக் கப்பல் நீளத்தின் பெரும்பகுதி நெம்புகோலாகக் கிடைக்கும். மெதுவாகப் பின்னோக்கிப் போகும்போது பௌ த்ரஸ்டர்தான் கிட்டத்தட்டச் சுக்கான் மாதிரி வழிநடத்துகிறது. துறைமுகத்துக்கு உள்ளே சில பெரிய கப்பல்களைத் திருப்பிப் பின்பக்கமாக பெர்த்துக்குக் கொண்டுபோவதைப் பார்த்து ஆச்சரியப்படுபவர்களுக்கு, அதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

சரக்கு இல்லாமல் மேலே தூக்கி மிதக்கும் கப்பலில் இன்னொரு தொல்லை. குழாய் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், தண்ணீரோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். சத்தமும் அதிர்வும்தான் மிஞ்சும். அதனால் துறைமுகம் நெருங்கும் முன்பே முன்பக்கத் தொட்டிகளில் கடல் நீரை நிரப்பி மூக்கைக் கீழே அழுத்திக்கொள்வார்கள்.

சுற்றித் திரும்பும் த்ரஸ்டர்

குழாய்க்குள் இருப்பது இடம், வலம் என்று இரண்டு பக்கம்தான் தள்ளும். ப்ரொப்பெல்லரையே கப்பலின் அடியில் தொங்கவிட்டு, 360 டிகிரியும் திரும்பும்படி செய்துவிட்டால் சுக்கானே தேவையில்லை. இதுதான் அஸிமுத் த்ரஸ்டர். ஜெர்மனியின் ஷாட்டெல் நிறுவனம் 1950-ல் இந்த வகையைக் கொண்டுவந்தது. இன்றைய டக் படகுகளில் பெரும்பாலும் இப்படி இரண்டு இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் தெரியும். மெதுவான வேகத்தில் அதிக இழுவிசை தருவதற்கான கார்ட் நாசில் அது. ஒரு நல்ல டக் 50 டன்னுக்கு மேல் இழுக்கும். அதைவிட முக்கியம், இழுத்துக்கொண்டிருக்கும்போதே எந்தப் பக்கமும் சட்டென்று திரும்பும். முப்பது மீட்டர் நீளப் படகு ஒன்று பெரிய கப்பலின் பக்கத்தில் நண்டு போலக் குறுக்காக நகர்வதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆஸ்திரியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் 1920களில் யோசித்தது வேறு வழி. படகின் அடியில் ஒரு தட்டு சுழலும், அதிலிருந்து கத்திகள் போல இதழ்கள் செங்குத்தாகக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இதழும் தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும். வேகத்தை மாற்றாமலே விசையை எந்தத் திசைக்கும் உடனடியாக மாற்றலாம். ஃபோய்த் ஷ்னைடர் என்ற பெயரில் சில வகை டக்குகளிலும் ஃபெர்ரிகளிலும் இது இன்னமும் ஓடுகிறது. இத்தனை திறமையான இயந்திரத்துக்கு வெளியே இவ்வளவு குறைவான புகழ்தான் இருக்கிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

உல்லாசப் பயணக் கப்பல்கள் மூன்றாவது பாதையில் போயின. மோட்டாரையே ஒரு கூட்டுக்குள் வைத்துக் கப்பலுக்கு வெளியே, தண்ணீருக்குள் தொங்கவிட்டார்கள். 1990-ல் பின்லாந்தில் சீலி என்ற கப்பலில் அஸிபாட் எனப்படும் இந்த அமைப்பு முதலில் பொருத்தப்பட்டது, 1998-ல் எலேஷன் என்ற பயணக் கப்பலுக்கு வந்தது. இன்று டக் உதவியே இல்லாமல் பல துறைமுகங்களில் உள்ளே நுழைந்து, திரும்பி, கட்டிவிட்டுப் போகும் கப்பல்கள் இவைதான்.

அப்புறம், நகர்வதற்குப் பதிலாக நகராமல் இருப்பதற்காகவும் த்ரஸ்டர் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட முடியாது. 1961-ல் மெக்சிகோவின் குவாடலூப் தீவுக்கு அருகே, சுமார் 3,500 மீட்டர் ஆழக் கடலில் கஸ் 1 என்ற கப்பல் நாலு த்ரஸ்டர்களை மட்டும் நம்பி ஒரே இடத்தில் நின்று கடலடியைத் துளைத்தது. மிதவைகளை ரேடாரிலும் சோனாரிலும் பார்த்துப் பார்த்து, கையாலேயே அவற்றை இயக்கினார்கள். அதே ஆண்டில் யுரேகா என்ற கப்பலில் அந்த வேலையைத் தானியங்கிக் கருவி எடுத்துக்கொண்டது. இன்று செயற்கைக்கோள் நிலையறிதல், காற்றுமானி, கைரோ திசைகாட்டி எல்லாம் கணினிக்குத் தகவல் கொடுக்க, கணினி ஒவ்வொரு த்ரஸ்டருக்கும் எந்தப் பக்கம், எவ்வளவு என்று விநாடிக்கு விநாடி சொல்கிறது. நம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் சாகர் நிதி கப்பலில் இந்த ஏற்பாடு உண்டு. அந்த நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 5,000 மீட்டருக்கும் கீழே போய் வேலை செய்ததென்றால், மேலே தாய்க்கப்பல் அலையிலும் காற்றிலும் இடம் மாறாமல் நின்றதும் அதற்குக் காரணம்.

மேலே நடக்கும் வேலை

பெரிய த்ரஸ்டரை நினைத்த மாத்திரத்தில் போட முடியாது. கப்பலை இயக்கும் மேல்தள அறையான பிரிட்ஜிலிருந்து முதலில் இன்ஜின் அறைக்குச் சொல்ல வேண்டும். அங்கே கூடுதலாக ஒன்றிரண்டு ஜெனரேட்டரை ஓடவிட்டு, மின்சாரம் போதும் என்று ஆன பிறகுதான் மோட்டாரைத் தொடங்க அனுமதி விளக்கு எரியும். முன்கூட்டியே சொல்லாமல் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. துறைமுகம் நெருங்கும்போது, உள்ளே வழிகாட்ட வரும் பைலட்டும் கேப்டனும் பேசிக்கொள்ளும் முதல் விஷயங்களில் த்ரஸ்டரின் நிலையும் ஒன்று: வேலை செய்கிறதா, எத்தனை கிலோவாட், முழு பலமும் கிடைக்குமா.

பிறகு பிரிட்ஜின் ஓரச் சிறகில், கீழே பெர்த் தெரியும் இடத்தில் நின்றுகொண்டு, உள்ளங்கையளவு லீவரை அசைத்து வேலையைச் செய்கிறார்கள். முன்பக்க மேல்தளத்தில் கயிற்றோடு நிற்கும் குழுவுக்கு இந்த நேரம் ஆபத்தானது. கரைக்கு வீசிய கயிறு தளர்ந்து தண்ணீரில் விழுந்தால் த்ரஸ்டர் அதை உள்ளே இழுத்துவிடும். குழாய் வாயில் கம்பிகள் இருந்தாலும் கயிறு புகுந்துவிடும். இழுபடும் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் காலோ உயிரோ போகலாம். அதனால் கயிறு தண்ணீரை விட்டு மேலே வந்துவிட்டது என்று முன்பக்க அதிகாரி வாக்கி டாக்கியில் சொல்லும் வரை பிரிட்ஜில் இருப்பவர் லீவரில் கை வைக்கக் கூடாது. முக்குளிப்பவர்கள் தண்ணீருக்குள் இருந்தால் மின் இணைப்பையே துண்டித்துப் பூட்டிவிடுவார்கள்.

காட்பாடியிலும் குடியாத்தத்திலும் பாலிடெக்னிக், இன்ஜினீயரிங் முடித்துவிட்டு "கப்பல் வேலைக்குப் போகலாமா" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. கப்பல் என்றால் டீசல் இன்ஜின்தான் என்று வீட்டில் நினைப்பார்கள். த்ரஸ்டர் மோட்டார், டிரைவ், சுவிட்ச்போர்டு எல்லாம் மின் தொழில்நுட்ப அதிகாரியின் பொறுப்பு. மாலுமிகளின் பயிற்சித் தகுதிக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் 2010 மணிலா திருத்தங்கள் அந்தப் பதவிக்கு முறையான தகுதியை வரையறுத்தன. மின், மின்னணுவியல் படித்தவர்கள் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சியை முடித்து அதற்குப் போகலாம். டாலி கப்பலில் முதல் மின்தடைக்குக் காரணம் என்று அமெரிக்க விசாரணை வாரியம் சுட்டியது, இணைப்பில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்த ஒரே ஒரு சிக்னல் கம்பியை. அதைக் கண்டுபிடித்து இறுக்கும் வேலை, இந்தப் பதவியில் இருப்பவருடையது.